எங்கள் பிளஸ் டூ நோட்டில் ஒரு பக்கம் காலியாக இருக்கிறது: அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்

ஜன்னலோரம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பாம்பன் பக்கம் ஒரு பள்ளியில் இந்த வருஷம் (2025) பன்னிரண்டாம் வகுப்பு எழுதியிருக்கிறேன். மார்ச் 25ஆம் தேதியோடு பரீட்சை முடிந்தது. ரிசல்ட் மே மாதம்தான். பிரிந்து போவதற்குள் ஒன்று செய்துவிட வேண்டும் என்று 192 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கினோம். வகுப்பில் 38 பேர். ஆளுக்கு இரண்டு பக்கம். இடது பக்கம் மறக்க முடியாத நினைவு, வலது பக்கம் 2035இல் நான் என்னவாக இருப்பேன்.

இடது பக்கங்களைப் படித்தால் நேரம் போவதே தெரியவில்லை. எங்கள் வகுப்புக்குத் தெற்குப் பக்கம் ஜன்னல். கச்சான் காற்று பிடித்துவிட்டால் பெஞ்சில் தாள் நிற்காது. அதனால் ஜூலை மாத டெஸ்டுக்கெல்லாம் எல்லோர் பையிலும் ஒரு சிப்பியோ சங்கோ கிடக்கும், தாள் மேல் வைக்க. டெஸ்ட் முடிந்து மிஸ் தாள் வாங்கும்போது பெஞ்சுக்குப் பெஞ்சு சிப்பி எடுக்கிற சத்தம் கேட்கும், டக் டக்கென்று. இதை மட்டும் ஒன்பது பேர் எழுதியிருக்கிறார்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாமலே. அப்புறம் பாலம். நாங்கள் பிளஸ் ஒன் சேர்ந்தபோது ராமேஸ்வரம் தீவுக்கு ரயிலே கிடையாது, 2022 டிசம்பரோடு பழைய பாலத்தில் நிறுத்திவிட்டார்கள். புதுப் பாலத்தின் தூக்குப் பகுதியை (கப்பலுக்கு வழிவிட மேலே போவது) 2024இல் மாதக்கணக்கில் நகர்த்திக்கொண்டே வந்தார்கள். காலையில் பஸ்ஸில் வரும்போது நேற்றைக்கு இன்றைக்கு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பந்தயம் கட்டுவோம்.

வலது பக்கத்தில் டாக்டர் நான்கு பேர், நர்ஸ் ஆறு பேர், கோஸ்ட் கார்டு (கடலோரக் காவல்படை) ஐந்து பேர், கலெக்டர் ஒருத்தி. பாதிப் பேர் கலாம் ஐயா பெயரை எழுதியிருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். ஒருவன் மட்டும் இடது பக்கத்தை நிரப்பிவிட்டு வலது பக்கத்தை விட்டுவிட்டான். ஜனவரியில் அவன் அப்பாவுக்குக் கால் ஒடிந்தது. அதிலிருந்து திங்கள், புதன், சனி மாமாவின் விசைப்படகில் கடலுக்குப் போகிறான். மற்ற நாட்களில் பள்ளிக்கு வந்தான், பரீட்சையும் எழுதிவிட்டான். நோட்டைக் கொடுத்தபோது, "நீங்கல்லாம் காலேஜ் பேரு எழுதியிருக்கீங்க, நான் என்னத்த எழுத?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்கள் காலத்தில் இப்படி எழுதினீர்களா? எழுதியது நடந்ததா? அவனுக்கு நான் என்ன சொல்ல வேண்டும்?

எண்பதாம் செட்

தம்பி, நான் 1980 மார்ச்சில் எழுதியவன். தமிழ்நாட்டில் பிளஸ் டூவுக்கு அதுதான் முதல் பொதுத்தேர்வு. எங்களுக்கு முந்தையவர்கள் பள்ளி முடித்துக் கல்லூரியில் பி.யூ.சி. (புகுமுக வகுப்பு) படித்தவர்கள். எங்களிடம் வழி கேட்கவும் சீனியர் இல்லை, வழி சொல்லவும் ஆள் இல்லை.

நான் பிறந்தது தனுஷ்கோடியில். 1964 டிசம்பர் புயலுக்கு முன்னால் கல்யாணம் ஒன்றுக்காக மண்டபம் வந்திருந்தோம், அதனால் உயிரோடு இருக்கிறோம். திரும்பிப் போக ஊர் இல்லை. பாம்பனிலேயே தங்கிவிட்டோம். அந்தக் காலத்தில் தீவைவிட்டு வெளியே போக 1914இல் கட்டிய ரயில் பாலம் ஒன்றுதான். ரோட்டுப் பாலத்துக்கு 1974இலேயே அடிக்கல் நாட்டியாகிவிட்டது, ஆனால் நாங்கள் படிக்கிற காலம் முழுக்கக் கடலுக்குள் தூண்களைத்தான் பார்த்தோம்.

எங்கள் தமிழய்யா கடைசி வகுப்பில் ஒரு நோட்டைச் சுற்றுக்கு விட்டார். "நாளைக்கு என்ன ஆகணும்னு எழுதுங்கடா" என்றார். நான் "பஸ்ஸிலேயே கடலைத் தாண்டுவேன்" என்று எழுதினேன். எல்லோரும் சிரித்தார்கள், ஐயா சிரிக்கவில்லை. 1988 அக்டோபரில் பாலம் திறந்தது. அப்போது நான் திருச்சியில் வேலையில் இருந்தேன். தீபாவளிக்கு வந்தபோது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே பாலத்தைத் தாண்டினேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். எங்கள் நோட்டில் ஒருவனுக்குப் பக்கமே இல்லை. அன்றைக்கு அவன் வரவில்லை, மீன்பாடு நன்றாக இருந்த நாள். அடுத்த நாள் கேட்டு வாங்கலாம் என்று இருந்துவிட்டோம், வாங்கவே இல்லை. அவன் கடலோடு போய்ச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவன் கையெழுத்து எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழிக்காதே. வேறு யாருக்கும் கொடுக்காதே. ஒன்றும் எழுதாவிட்டாலும் அவன் பெயர் மேலே இருக்கட்டும்.

கீழக்கரை காக்கா

எங்கள் செட்டில் வலது பக்கம் எழுதச் சொல்லியிருந்தால் முக்கால்வாசிப் பேர் துபாய் என்று எழுதியிருப்பார்கள். போகவும் போனோம். 22 வருஷம் ஆச்சு. என் நோட்டில் நான் எழுதியிருந்தால் இன்றைக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் இடது பக்கம் எழுதி வைக்காமல் போனதுதான் வலிக்கிறது. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வரும்போது வாங்கித் தின்கிற தொதல் இனிப்பின் ருசி மட்டும்தான் மிச்சம். பெயர்கள் மறந்துவிட்டன. நீங்கள் செய்வது பெரிய காரியம் பிள்ளைகளா.

மூன்று பிள்ளைத் தகப்பன்

யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் முப்பது வருஷமாக விசைப்படகில் போகிறவன். அந்தப் பையனிடம் "கடல் என்று எழுது, அதில் என்ன குறைச்சல்" என்று யாராவது சொல்லப் போகிறீர்கள் என்று தெரிகிறது. சொல்லாதீர்கள். கரையில் இருந்து பார்க்கிறவர்களுக்குக் கடல் அழகு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் 30 கிலோமீட்டர்கூட இல்லை. 1974இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது. வலை போட்டு நீரோட்டத்தில் இழுபட்டுப் போய், விடிந்து பார்த்தால் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் நெஞ்சு அடித்துக்கொண்ட நாட்கள் எனக்கு உண்டு. வாரத்தில் மூன்று நாள் போகிறோம், டீசல் போட்ட காசு வராத நாளும் அதில் உண்டு. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அரசு நிவாரணம் இப்போது குடும்பத்துக்கு 8,000 ரூபாய் ஆக்கியிருக்கிறார்கள், நல்லது, ஆனால் இரண்டு மாதம் அதில் ஓடாது.

என் மகன்கள் இரண்டு பேரையும் படகில் ஏற விட்டதே இல்லை. அந்தப் பையன் காலேஜ் பெயர்தான் எழுத வேண்டும். இப்போது முடியாது என்றால் அடுத்த வருஷம் எழுதட்டும். பக்கம் காலியாக இருப்பதே மேல்.

பாசிக்காரி மகள்

அண்ணே, நீங்கள் சொல்வதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனாலும் "காலேஜ் பெயர்தான்" என்கிற இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் 2009 செட். எங்கம்மா கடல்பாசி எடுக்கிறவர், இன்றைக்கும் போகிறார். மரிக்கொழுந்து, கட்டைக்கோரை என்று பேர் சொல்லிப் பிரித்து, பாறையில் குனிந்து, மூச்சைப் பிடித்து முங்கி எடுக்க வேண்டும். விரல் ஒவ்வொன்றிலும் பழைய சேலைத் துணியைக் கிழித்துச் சுற்றிக் கட்டுவார். சாயங்காலம் அந்தத் துணியை அவிழ்க்கும்போது விரல் நுனி வெள்ளையாக ஊறி, கோடு கோடாகப் பாறை கீறியிருக்கும். அந்தக் கையோடுதான் என் ரெக்கார்டு நோட்டுக்கு பிரவுன் அட்டை போட்டுத் தருவார். அட்டையில் உப்புக் கறை படியும். வகுப்பில் மற்றவர் பார்த்துவிடுவார்களோ என்று அந்தப் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொள்வேன். இதை இப்போது எழுதும்போதும் கஷ்டமாக இருக்கிறது.

எங்கள் செட்டில் ஸ்லாம் புக் இருந்தது. "அம்மாவின் தொழில்" என்று ஒரு கட்டம். நான் ஹவுஸ் ஒய்ஃப் என்று எழுதினேன். "எதிர்காலம்" என்ற கட்டத்தில் டீச்சர் என்று எழுதினேன். பிறகு ரிசல்ட் வந்தது, கெமிஸ்ட்ரியில் ஃபெயில். ஜூனில் துணைத்தேர்வு எழுதிப் பாஸ் செய்து, தாமதமாக பி.எஸ்ஸி. விலங்கியல் சேர்ந்தேன். இன்றைக்கு டீச்சர்தான். எழுதியது நடந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் பொய்யாக இருப்பது அம்மா பெயருக்கு எதிரே எழுதியதுதான்.

1986இல் 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வந்த பிறகு பாசி எடுக்கப் போவது முன்போல் எளிதில்லை. அப்போது இந்தப் பெண்கள்தான் உட்கார்ந்து பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்போம், வளரவிட்டு எடுப்போம் என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்துச் சின்னப்பாலத்து லட்சுமி அம்மாவுக்கு 2015இல் அமெரிக்காவில் சீகாலஜி என்கிற சுற்றுச்சூழல் விருது கொடுத்தார்கள். நான் விலங்கியல் டிகிரியில் படித்ததை அவர்கள் படிக்காமலே செய்து வைத்திருந்தார்கள்.

ஜன்னலோரம் தம்பி, அந்தப் பையனுக்குக் கஷ்டம் கடலால் வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. 37 பக்கத்திலும் ஒரே மாதிரி பதில் இருக்கும்போது 38ஆவது ஆளுக்குக் கை ஓடாது. கேள்வியை மாற்று. "என்னவாக இருப்பேன்" என்று கேட்டால் எல்லோரும் வேலை பெயரைத்தான் எழுதுவார்கள். 2035இல் ஒரு நாள், காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்வாய் என்று கேள். எல்லோரையும் இன்னொரு தடவை எழுதச் சொல். அவனை மட்டும் தனியாக எழுதச் சொல்லாதே, அது அவனுக்கு இன்னும் வலிக்கும்.

ஜன்னலோரம்

அக்கா, இதைப் படித்துவிட்டு வகுப்பு குரூப்பில் போட்டேன். 38 பேரும் மறுபடி எழுதச் சம்மதித்துவிட்டார்கள். டாக்டர் என்று எழுதிய ஒருத்தி, "காலையில் என்ன செய்வேன்னு யோசிச்சா ஒண்ணுமே தெரியலடா" என்று போன் செய்தாள். அரை மணி நேரம் பேசினோம்.

வடகடல் வள்ளம்

தகப்பன் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. நான் 2013 செட். பிளஸ் டூ முடித்து, இன்ஜினீயரிங் முடித்து, கோயம்புத்தூரில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன். இப்போது சொந்த நாட்டுப்படகு இருக்கிறது. நண்டு வலைதான் முக்கியம். பக்கத்தில் கூண்டில் கடல் விரால் வளர்க்கிறோம், நான்கு பேர் சேர்ந்து. மண்டபத்தில் இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் 2010இல் கடல் விராலைக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள், இந்தியாவிலேயே முதல்தடவை. அந்த நிலையத்தின் தலைமையகமே 1971 வரை நம்ம மண்டபம் கேம்ப்பில்தான் இருந்தது, அப்புறம்தான் கொச்சிக்குப் போனது. நம்ம ஊர்ப் பிள்ளைகள் அந்த காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி பஸ்ஸில் போகிறோம், உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பதில்லை. நானும் 25 வயது வரை கேட்டதில்லை.

கூண்டு போடும்போது எனக்குக் கைகொடுத்தது பிளஸ் டூ கெமிஸ்ட்ரியும் உயிரியலும்தான். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும், அது ஏன் என்று புரிந்துகொண்டவனுக்கு இரவு மூன்று மணிக்கு என்ன செய்வது என்று தெரியும். கடலுக்குப் போகிறவனுக்குப் படிப்பு வீண் என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மூன்று பிள்ளைத் தகப்பன்

தம்பி, நீ டிகிரி கையில் வைத்துக்கொண்டு கடலுக்கு வந்தாய். பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே கோயம்புத்தூர் பஸ் ஏறலாம். அந்தப் பையனுக்கு அந்த பஸ் இல்லை. நான் சொன்னது அதைத்தான். விரும்பிப் போவது வேறு, வேறு வழியில்லாமல் போவது வேறு.

வடகடல் வள்ளம்

நீங்கள் சொல்வது சரிதான் அண்ணே. நான் அதை யோசிக்கவில்லை.

கப்பல் மாமா

கோஸ்ட் கார்டு எழுதிய ஐந்து பேருக்கும், கப்பல் ஆசை உள்ளவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். கோஸ்ட் கார்டில் நாவிக் (மாலுமி) பொதுப் பிரிவுக்கு பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் வேண்டும். உயிரியல் எடுத்தவர்கள் தங்களிடம் கணக்கு இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புத் தகுதிக்கு வேறு பிரிவு இருக்கிறது. வணிகக் கப்பலில் மாலுமி வேலைக்கு ஜி.பி. ரேட்டிங் என்று ஆறு மாதப் பயிற்சி, டி.ஜி. ஷிப்பிங் (மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகம்) அங்கீகாரம் பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும். நான் சேர்ந்தபோது அங்கீகாரமே இல்லாத ஒரு இடத்தில் ஏஜெண்ட் மூலம் வீட்டு நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டேன். மீட்க நான்கு வருஷம் ஆனது. டி.ஜி. ஷிப்பிங் வலைத்தளத்தில் பட்டியல் இருக்கும், பெயர் அதில் இருந்தால் மட்டும் பணம் கட்டுங்கள். எந்த ஏஜெண்ட் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் சரி.

பாசிக்காரி மகள்

அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் கல்லூரி சேர்ந்தால் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். மருத்துவம், பொறியியல் இரண்டிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. டாக்டர் என்று எழுதிய நான்கு பேரும் நீட் எழுதுகிறார்களா? ராமநாதபுரத்திலேயே இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கள் காலத்தில் மதுரைதான். மீன்வளப் படிப்புக்கு தூத்துக்குடி, கடலியல் படிக்க நம்ம தொண்டியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் துறை. இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஜன்னலோரம்

இரண்டு நாளாக வர முடியவில்லை. ஏப்ரல் 6 பாலம் திறப்பு, ஊரே கடற்கரையில். ரயில் வந்தபோது எங்கள் வகுப்பில் 20 பேருக்கு மேல் ஒன்றாக நின்றோம். அதற்குப் பிறகு அத்தனை பேர் ஒன்றாக நிற்போமா தெரியவில்லை. 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி அப்படியே நேராக மேலே போனபோது பக்கத்தில் இருந்த பாட்டி கும்பிட்டார்கள்.

அவனும் வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை, கடலுக்குப் போகிற நாள் இல்லை. நோட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை, நீட்டினேன். வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய், கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் நோட்டை வைத்து எழுதினான். எழுதி முடித்ததும் காற்றில் பக்கம் புரளாமல் இருக்க ஒரு சிப்பியைப் பொறுக்கி மேலே வைத்துவிட்டுப் போனான். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இங்கே போடுகிறேன்:

"2035. காலையில மூணு மணிக்கு எந்திரிப்பேன். என் சொந்த வள்ளம், பேரு இன்னும் வைக்கல. அப்பா கூட வருவாரு, அவரு சும்மா உட்கார்ந்திருந்தா போதும், வலை நான் இழுப்பேன். ஒன்பது மணிக்குக் கரை. தங்கச்சி அப்ப நர்சு, அவளை பஸ் ஏத்தி விடணும். மத்தியானம் தூக்கம். அப்புறம் டிப்ளமா ஏதாவது தபால்ல படிச்சிட்டு இருப்பேன்னு நினைக்கிறேன், மெக்கானிக்கல். இதை எழுதுன யாரு ஊருக்கு வந்தாலும் ஒரு நாள் வள்ளத்துல ஏத்திப் பாலத்துக்குக் கீழ கூட்டிட்டுப் போறேன். காசு வேணாம். டீ மட்டும் கொண்டு வரணும்."

மூன்று பிள்ளைத் தகப்பன்

படித்தேன். என் கருத்து மாறவில்லை, அவன் படிக்க வேண்டும். ஆனால் மெக்கானிக்கல் என்று எழுதியிருக்கிறான். 15ஆம் தேதியிலிருந்து படகெல்லாம் கரையில்தான். இன்ஜினைக் கழற்றி ஓவராயில் பண்ணுகிற வேலை எங்கள் படகுத்துறையில் இரண்டு மாதமும் இருக்கும். மெக்கானிக் எனக்கு மச்சான் முறை. பையனை அனுப்பு, கூலியும் வாங்கித் தருகிறேன், தொழிலும் கற்றுக்கொள்வான். டிப்ளமா தபாலில் வேண்டாம், பாலிடெக்னிக்கில் பிளஸ் டூ முடித்தவர்களை நேராக இரண்டாம் வருஷத்தில் சேர்ப்பார்கள். அதை அந்த மச்சான் மகனிடமே விசாரித்துவிட்டேன். ரிசல்ட் வந்ததும் மார்க்கைச் சொல்லு.

எண்பதாம் செட்

நல்லது அண்ணாச்சி. மனசு நிறைந்து போச்சு.

தம்பி, நோட்டை எங்கே வைக்கப் போகிறாய்? எங்கள் நோட்டை தமிழய்யா வீட்டுத் தகரப் பெட்டியில் வைத்தோம். 15 வருஷம் கழித்துத் திறந்தால் உப்புக் காற்றில் பெட்டி துருப்பிடித்து, துரு இறங்கி முதல் 30 பக்கம் செங்கல் நிறத்தில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தது. என் பக்கம் நடுவில் இருந்ததால் தப்பித்தது. தகரம் வேண்டாம், ஸ்டேப்ளர் பின் அடித்த அட்டையும் வேண்டாம். பாலித்தீன் பையில் சுற்றி, மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கில் போட்டு, கடல் பக்கம் இல்லாத அறையில் வை. அதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து 38 பேருக்கும் அனுப்பிவிடு.

ஜன்னலோரம்

அம்மாவிடம் கேட்டேன் ஐயா. சீர் வரிசையில் வந்த பெரிய தூக்கு ஒன்று பரணில் இருக்கிறதாம். நாளைக்கு இறக்கித் தருகிறேன் என்றார்கள். அந்தச் சிப்பியையும் உள்ளே போடலாமா, பக்கத்தைக் கீறுமா?

எண்பதாம் செட்

துணியில் சுற்றிப் போடு.